டீலர் கலைக்கும்போது சீட்டைக் கண்ணால் துரத்தியவர்கள்

பிளாக்ஜாக் என்ற கேசினோ சீட்டாட்டத்தில் வந்துபோன சீட்டை எண்ணிப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, சீட்டுப் போடும் டீலர் கலைக்கும்போது ஆடுபவருக்குச் சாதகமான பெரிய சீட்டெல்லாம் எங்கே போகிறது என்று பிடிப்பது. நான் வீட்டில் பழகுவதைச் சொல்கிறேன். நீல முதுகில் ஐந்து கட்டு, சிவப்பு முதுகில் ஒன்று. மொத்தம் 312 சீட்டு. எல்லாவற்றையும் முகம் மேலே தெரிய அடுக்கினால் முதுகின் நிறம் கண்ணில் படாது. சிவப்புக் கட்டை எங்காவது மொத்தமாகச் செருகி, குவியலை இரண்டாக்கி, இரண்டிலிருந்தும் அரைக்கட்டு அரைக்கட்டாக எடுத்து ரிஃபிள் செய்து (விளிம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக விழவிட்டுக் கலைத்து) அடுக்குவேன். சிவப்பு எங்கே இருக்கும் என்று கை வைத்துக் காட்டிய பிறகுதான் திருப்பிப் பார்ப்பது.

இதற்கும் முன்னால் வர வேண்டியது தடிமன். 26 சீட்டை ஒரே வெட்டில் எடுக்கக் கைக்கு வரவில்லையென்றால், ஆடி முடித்த சீட்டு அடுக்கைப் பார்த்து 'இது ஒன்றரைக் கட்டு' என்று கண்ணும் சொல்லாது. சலிப்பான வேலைதான்.

---

அதோடு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2 முதல் 6 வரை +1. பத்து, படச்சீட்டு, ஏஸ் எல்லாம் −1. ஒரு கட்டு அளவு சீட்டில் −8 வந்தால், அதில் சின்னதைவிடப் பெரிய சீட்டு எட்டு கூடுதல். அது சராசரியான இன்னொரு கட்டோடு கலந்தால் அந்த எட்டு இரண்டு கட்டிலும் பரவி, கட்டுக்கு நான்காகிவிடும். +8 உள்ள கட்டோடு ஜோடி சேர்ந்தால் ஒன்றுமே மிஞ்சாது. பலர் பெரிய சீட்டை மட்டும் துரத்துகிறார்கள், அதோடு எது சேர்கிறது என்று பார்ப்பதில்லை.

52 சீட்டு ஓரளவு நன்றாகக் கலைய 7 ரிஃபிள் வேண்டும் என்று கணிதவியலாளர்கள் பேயரும் டையகோனிஸும் 1992-இல் காட்டினார்கள். கலைக்கிற நேரத்தில் யாரும் பந்தயம் வைப்பதில்லை, அதனால் மேசையில் அத்தனை முறை கலைக்க டீலரை விடமாட்டார்கள். நமக்குக் கிடைப்பது அந்த இடைவெளிதான்.

---

எனக்கு நடந்தது வெட்டும்போது. பெரிய சீட்டுக் கொத்து ஒன்று நடுவுக்குச் சற்றுக் கீழே கிடப்பது தெரியும், ஆனால் வெட்டும் அட்டை (கலைத்த குவியலை எங்கே பிரிப்பது என்று ஆட்டக்காரர் செருகிக் காட்டுவது) பக்கத்து இருக்கைக்காரரிடம் போய்விட்டது. "எனக்கு ராசியில்லை சார், நீங்களே வெட்டுங்க" என்று அவரே நீட்டினார்! கொத்துக்கு மேலே வெட்டி முன்னால் கொண்டுவந்தேன். (சின்னச் சீட்டுக் கொத்தாக இருந்திருந்தால், ஆட்டத்துக்கே வராத கடைசிப் பகுதிக்குத் தள்ளியிருப்பேன்.) பத்துகள் வந்தன, சரி, டீலருக்கும்தான் வந்தன. முதல் கை 20-க்கு 20, சமன்.

---

உட்காரும் முன் கலைக்கும் இயந்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சுற்றுச் சீட்டையும் உடனே திரும்ப விழுங்கும் வகையென்றால் துரத்த ஒன்றுமில்லை. கையால் கலைப்பதிலும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் அளந்தாற்போல அரைக்கட்டு எடுப்பார், அடுத்தவர் அள்ளி எடுப்பார். அதனால் நான் பின்னால் நின்று டீலரின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் காசை வைப்பேன். அப்புறம் பாதியில் டீலர் மாறினால் பந்தயத்தைக் குறைத்துவிட்டு மறுபடி பார்க்க ஆரம்பிப்பேன்.