முதுகெலும்பு அறுவைக்குப் பின் வலிக்கான நரம்பு ஊசி: என்ன பெயர் வைக்கலாம்?

மதுரையிலிருந்து, மயக்க மருத்துவர்:
வணக்கம். முதுகெலும்பு அறுவை செய்துகொள்கிறவர்களுக்கான தகவல் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘எரெக்டர் ஸ்பைனே பிளேன் பிளாக்’ என்பதற்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும். 2016இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட முறை இது. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, முதுகை நிமிர்த்தும் தசைக்கு அடியில், முள்ளெலும்பின் பக்கவாட்டு நீட்சிமேல் ஊசிமுனையை நிறுத்தி, ரோபிவகெய்ன் போன்ற, மரக்கச்செய்யும் மருந்தைச் செலுத்துவோம். முதுகுக்கு வரும் நரம்புகளின் பின்கிளைகள் சில மணி நேரம் மரத்திருக்கும். மார்ஃபின் போன்ற வலிமருந்துகள் பலருக்குக் குறைவாகவே தேவைப்படும். ஊசி தண்டுவடத்துக்குள் போவதே இல்லை. ‘பிளாக்’ என்பதற்கு ‘நரம்பு அடைப்பு’ என்று மட்டும் வேண்டாம். மாரடைப்பு என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது நோயின் பெயர்.

மேலூரிலிருந்து, தமிழாசிரியர்:
டாக்டர் தம்பி, முதுகுக்கு ‘வெரிந்’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. நகர மெய்யில் (ந்) முடியும் சொற்கள் இரண்டே: பொருந், வெரிந். தொல்காப்பியப் புள்ளிமயங்கியலில் வெரிந் என்பதற்குத் தனி நூற்பாவே உண்டு. புணரும்போது நகரம் கெட்டு மெல்லெழுத்து வரும், வல்லெழுத்தும் வரலாம்: வெரிங்குறை, வெரிக்குறை. ஆகவே ‘வெரிந்தடை’, ‘வெரித்தடை’ இரண்டுமே சரி. முன்னதில் ஈற்று நகரம் அப்படியே நிற்பதுபோல் ஒலிக்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது.

திருமங்கலத்திலிருந்து, செவிலியர்:
ஐயா, உசிலம்பட்டியிலிருந்து வருகிற அப்பத்தாவுக்கு அந்தத் தாளை வாசித்துக் காட்டப் போவது நான். ‘வெரி’ என்றால் ‘வெறி’ என்றுதான் காதில் விழும். நாய்க்கடிக்கா ஊசி என்பார். ‘தடுப்பு’ என்றாலோ தடுப்பூசி ஆகிவிடும். எங்கள் பக்கம் கால் மரத்துப்போச்சு, மதமதன்னு இருக்கு என்பார்கள். ‘மரப்பூசி’ போதும். அப்புறம், முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலிக்கும் என்ற பயம் ஊரெல்லாம் இருக்கிறது. அதனால் ‘தசை’ என்ற சொல் பெயரிலேயே வர வேண்டும்.

மருத்துவர்:
அம்மா சொல்வது சரி. ‘முதுகுத்தசையடி மரப்பூசி’ எப்படி? ‘பிளேன்’ என்றால் தளம், இங்கே தசைக்கு அடியிலுள்ள தளம்; அதன் வேலையை ‘அடி’ செய்துவிடும்.

ஆசிரியர்:
முதுகில் ‘அடி’ என்று எழுதினால் அடிபட்டதாகத்தான் படிப்பார்கள். ‘மரப்பு’ பற்றியும் ஒன்று. மரம் போல ஆவதால் மரத்தல் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. மருள், மயல் இவற்றோடு ஒரே வேர் என்பது என் கருத்து. விரிவாகத் தனியே எழுதுகிறேன்.

தேனியிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
வேர் பிறகு. ‘முதுகுத்தசை மரப்பூசி’ என்று முடியுங்கள்.

செவிலியர்:
எனக்கும் அதுவே.

மருத்துவர்:
சரி, அதையே போடுகிறேன். தசைக்கு அடியில் போடுவது, தண்டுவட ஊசி அல்ல என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.

ஆசிரியர்:
தாளுக்கு அது போதும். கலைச்சொல் பட்டியலுக்கு நான் ஒப்பமாட்டேன். மரப்பது நரம்பு, தசை இல்லை. நரம்பு என்ற சொல்லே இல்லாத பெயர் மாணவனுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கும்? ‘வெரிந்நரம்பு மரப்பு’ என்று என் மறுப்போடு சேர்த்துப் பதியுங்கள்.