பாசல் குன்ஸ்ட்மியூசியம்: ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்காத வாரத்தில் போகலாமா?

கேள்வி:
சுவிட்சர்லாந்தின் பாசலில் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. குன்ஸ்ட்மியூசியத்தில் (கலை அருங்காட்சியகம்) இப்போது நடக்கும் கண்காட்சி அதற்கு முன்பே முடிகிறது, அடுத்தது நாங்கள் கிளம்பிய பிறகு தொடங்குகிறது. பூட்டிய அறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானா? அல்லது பக்கத்து ஊரான ரீஹனில் இருக்கும் பெய்லர் கலை அருங்காட்சியகம் மேலா?

பதில் 1:
தாராளமாகப் போங்கள். முடிவது சிறப்புக் கண்காட்சி மட்டுமே. அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஜெர்மனில் 'சோண்டர்ஆஸ்ஷ்டெல்லுங்' என்றிருப்பது அது. 'சம்லுங்' என்பது நிரந்தரச் சேகரிப்பு, அது தொங்கிக்கொண்டுதான் இருக்கும். தேதிக்கு முன்னால் 'பிஸ்' என்றால் அந்த நாள் வரை, 'அப்' என்றால் அந்த நாள் முதல். 'வெர்னிசாஜ்' தொடக்க விழா மட்டுமே, பெரும்பாலும் முந்தின நாள் மாலையில் நடக்கும். அதைத் தொடக்க நாள் என்று எடுத்துக்கொண்டு பகலில் போய் நின்றால் கதவு திறந்திருக்காது.

மூன்று கட்டடங்கள்: 1936இல் கட்டிய ஹௌப்ட்பாவ் (முதன்மைக் கட்டடம்), 2016இல் திறந்த நொய்பாவ் (புதிய கட்டடம்), ரைன் ஆற்றங்கரைப் பக்கம் இருக்கும் கேகன்வார்ட் (சமகாலக் கலைக்கானது). முதலிரண்டையும் சாலைக்கு அடியில் ஒரு சுரங்கவழி இணைக்கிறது. எந்தக் கண்காட்சி எந்தக் கட்டடத்தில் என்று பாருங்கள். 'கெஷ்லோஸன்' (மூடப்பட்டுள்ளது) என்ற சொல் எங்காவது கண்ணில் பட்டால் அந்த வரியை முழுசாகப் படிக்காமல் சீட்டு வாங்காதீர்கள். கவுன்டரில் சேகரிப்புக்கு மட்டும் சீட்டு கேளுங்கள், சிறப்புக் கண்காட்சியும் சேர்ந்த சீட்டு விலை கூடுதல்.

பதில் 2:
உண்மையைச் சொன்னால், அந்த ஊருக்குப் போவதே சேகரிப்புக்காகத்தான். 1661இல் நகரமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து வாங்கிய, அமெர்பாக் குடும்பத்தின் தொகுப்பிலிருந்து வளர்ந்தது அது. 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியர் ஹோல்பைனின் இறந்த கிறிஸ்து ஓவியத்தைத் தவறவிடாதீர்கள்: உயரம் 30.5 செ.மீ., நீளம் 2 மீட்டர், சவப்பெட்டியின் பக்கவாட்டைத் திறந்து வைத்தது போல. கை விரல் நுனியின் நிறத்தைப் பாருங்கள், உயிர் போய்ச் சில நாளான பச்சை.

ஜெர்மன் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க்கின் 'விலங்குகளின் விதி' (1913) முன் வலப்பக்கமாக நகர்ந்து நில்லுங்கள். அந்த மூன்றில் ஒரு பங்கு மட்டும் மங்கிய பழுப்பாக இருக்கும். தீயில் கருகிய பகுதி அது, அவருடைய நண்பரான ஓவியர் பால் கிளே மீட்டெடுத்தார். நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று வெளியே தள்ளியவற்றில் 21 படைப்புகளை 1939இல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது, இதுவும் அவற்றில் ஒன்று.

ஒரு எச்சரிக்கை. காகிதத்தில் வரைந்தவற்றை நம்பிப் போகாதீர்கள். வெளிச்சம் பட்டால் மையும் காகிதமும் நிறம் மாறும், மாறியதைத் திருப்ப முடியாது. அதனால் 50 லக்ஸ் (ஒளியின் அளவு) அளவுக்கு மங்கிய வெளிச்சத்தில் சில மாதம் காட்டிவிட்டு இருட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். எண்ணெய் ஓவியமும் வெளியூருக்குக் கடன் போயிருக்கலாம். ஒரே ஓவியத்துக்காகப் போகிறீர்கள் என்றால் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

பதில் 3:
உங்கள் நாள் திங்கட்கிழமையா? அப்படியானால் மேலே சொன்னது எதுவும் உதவாது, குன்ஸ்ட்மியூசியத்துக்கு அன்று விடுமுறை. பெய்லர் திங்களும் திறந்திருக்கும். பாசலின் முக்கிய ரயில் நிலையமான எஸ்பிபியில் 2ஆம் எண் டிராம் பிடித்து, மெஸ்ஸெபிளாட்ஸில் 6க்கு மாறினால் வாசலிலேயே இறங்கலாம். ஆனால் அது ஒரே கட்டடம். அங்கே கண்காட்சி மாறும் வாரம் என்றால் பாதி அறைகள் அடைத்திருக்கலாம், அந்தத் தேதிகளையும் இதே போல ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாசலில் ஓட்டலில் தங்கினால் பாசல் கார்டு தருவார்கள். டிராம் இலவசம், அருங்காட்சியகச் சீட்டு பாதி விலை. கவுன்டரில் காசு கொடுப்பதற்கு முன்பே நீட்டுங்கள்.