வெஸ்ட் ஆக்லாந்து அணிக்கு அழைப்பு போனது எப்படி?

நிலக்கரிச் சுரங்க ஊர்களின் கால்பந்து பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ஒரே இடத்தில் மூன்று வாரமாகச் சிக்கி நிற்கிறேன்.

இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியைச் சேர்ந்த வெஸ்ட் ஆக்லாந்து, பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளர்கள் ஆடிய அமெச்சூர் அணி. 1909இல் இத்தாலியின் டூரின் நகருக்குப் போய், பல நாட்டு அணிகள் மோதிய சர் தாமஸ் லிப்டன் கோப்பைப் போட்டியில் வென்றார்கள். 1911இல் மறுபடி போய், இறுதி ஆட்டத்தில் யுவென்டஸை 6-1 என்று துவைத்தெடுத்தார்கள். அப்புறம் கடன் கழுத்தை நெரிக்க, அந்தக் கோப்பையையே உள்ளூர் விடுதிக்கார அம்மாவிடம் 40 பவுண்டுக்கு அடகு வைத்தார்கள்!

சரி, இவர்களை யார் கூப்பிட்டது? ‘டபிள்யூ.ஏ.’ என்ற முதலெழுத்தைப் பார்த்து வுல்விச் ஆர்சனல் (இன்றைய ஆர்சனல் அணி) என்று குழம்பிவிட்டார்கள் என ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு நம்பிக்கை இல்லை. இணையத்தில் உள்ள 1909 மார்ச், ஏப்ரல் மாத ஆங்கிலச் செய்தித்தாள்களைத் துழாவிவிட்டேன். ஆட்ட முடிவுகள் உண்டு, அழைப்பு பற்றி ஒரு வரி கண்ணில் படவில்லை. இத்தாலியப் பத்திரிகைகளில் மொழிபெயர்ப்புக் கருவியோடு தேடியும் கதி அதேதான்.

அந்த அழைப்பு பற்றி 1909லேயே எழுதிய கடிதமோ செய்தியோ எங்கே கிடைக்கும்?