மறு: ‘அரகோனைட் சாண்ட்’ தமிழில் – ‘பவள மணல்’ வேண்டாம், ‘சுண்ணமணல்’ எனலாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மீன்தொட்டியின் அடியில் பரப்பும் ‘அரகோனைட் சாண்ட்’ என்ற மணலுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து மீனும் பவளமும் வளர்க்கிறவன் என்பதால், இந்தச் சொல் எனக்கு அகராதிக்கு மட்டும் வேண்டிய சொல் இல்லை. கடையில் காசு கொடுக்கும்போது வேண்டிய சொல்.

> ‘பவள மணல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. கடைகளிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை, ஐயா. என் முதல் தொட்டிக்கு ஒரு கடையில் ‘பவள மணல்’ என்று கேட்டுத்தான் வாங்கினேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. கழுவும்போது விரலில் கீறியது. சந்தேகப்பட்டு ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு வினிகர் ஊற்றிப் பார்த்தேன். பவளமாக இருந்தால் நுரைத்திருக்கும். ஒரு குமிழ்கூட வரவில்லை. அது வெங்கச்சங்கல்லை, அதாவது குவார்ட்ஸை, உடைத்த தூள். கடைக்காரர் ஏமாற்றினார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அவருக்குப் ‘பவள’ என்பது வெள்ளை நிறத்தின் பெயராகிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. உண்மையிலேயே பவளத்தை உடைத்துச் செய்த மணல் என்றால் அதை நம் கடலிலிருந்து எடுக்கவே கூடாது. கல்பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டினார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில். இதற்கு மேலும் ‘பவள மணல் வாங்குங்கள்’ என்று நாமே ஒரு கலைச்சொல்லால் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

> அரகோனைட் என்று ஒலிபெயர்த்துவிட்டால் பிரச்சினை இல்லை. இலங்கையில் ‘அரகனைற்று’ என்று எழுதலாம்.

கனிமத்தின் பெயராக அது இருக்கட்டும். ஸ்பெயினின் மோலினா தெ அரகோன் என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்த சொல்லை மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. ஆனால் கனிமத்தின் பெயர் வேறு, தொட்டிக்குள் கொட்டுகிற மணலின் பெயர் வேறு. நாம் தேடுவது இரண்டாவதை.

அரகோனைட், கால்சைட் இரண்டும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மட்டும் மாறும். அரகோனைட் சற்று எளிதாகக் கரையும். அதனால்தான் ‘நீரின் காரத்தன்மையைத் தானே காக்கும்’ என்று பையில் அச்சிட்டு விலையை ஏற்றுகிறார்கள். ஆனால் நம் தொட்டியின் பிஎச் 8.1, 8.2 என்று இருக்கும். அந்த நீரில் அரகோனைட் ஏற்கெனவே மிகைநிறைவாக, அதாவது நீர் தாங்கும் அளவுக்கு மேல் கரைந்து, இருப்பதால் மணல் கரைய வழியே இல்லை. படுகையின் அடியில், பாக்டீரியாக்கள் விடும் கரியமில வாயுவால் பிஎச் இறங்குகிற இடத்தில் கொஞ்சம் கரையும். வளரும் பவளத்துக்கு அது போதாது. கால்சியத்தையும் காரத்தையும் நாம்தான் ஊற்ற வேண்டும். கால்சியம் ரியாக்டர் (இந்த மணலைக் கரைத்துத் தொட்டிக்கு ஊட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் உள்ளே கரியமில வாயுவைச் செலுத்தி பிஎச்சை 6.5 வரைக்கும் இறக்குவது எதற்கு? அப்போதுதான் அது கரைகிறது.

ஆகவே ஓரிரு அங்குல உயரத்துக்கு மணல் பரப்புகிறவருக்கு அது அரகோனைட்டா கால்சைட்டா என்பதால் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒரு பொதுச்சொல் கிடைத்தால், விலை உயர்ந்த இறக்குமதிப் பைக்குப் பதிலாக என்னென்ன வாங்கலாம் என்பது அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடும். அதனால்தான் சுண்ணமணல் என்கிறேன். வினிகரில் நுரைக்கும் மணல் எல்லாம் சுண்ணமணல். நுரைக்காதது வெங்கச்ச மணல், அதாவது சிலிக்கா. எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல், என்னவாக இருக்கிறது என்று பார்த்துப் பெயரிடுவோம்.

> சுண்ணம் என்றால் பழைய தமிழில் வாசனைப்பொடி. திருவாசகத்தில் பொற்சுண்ணம் இடித்ததை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை, அம்மா. ஆனால் இன்று மருத்துவர் ‘சுண்ணாம்புச் சத்து குறைவாக இருக்கிறது’ என்றால் பாட்டிக்கும் கால்சியம் என்று புரிகிறது. அந்தப் புரிதல்மேல்தான் சொல்லைக் கட்டுகிறேன். ‘சுண்ணாம்பு மணல்’ என்று நீட்டவும் கூடாது. அது கொத்தனார் கலக்கும் கலவையை நினைவூட்டும். நீற்றிய சுண்ணாம்பு தண்ணீரின் பிஎச்சை 12க்கு மேல் கொண்டுபோகும். யாராவது சொல்லை நம்பி அதை மணல்போலத் தொட்டியில் கொட்டினால் மீன் ஒன்றும் மிஞ்சாது.

வெங்கச்ச மணலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது நஞ்சு இல்லை. அதைப் போட்டால் பழுப்புப் பாசி வரும் என்று பயமுறுத்துவார்கள். குவார்ட்ஸ் நீரில் அநேகமாகக் கரைவதே இல்லை. பழுப்புப் பாசி பெரும்பாலும் குழாய்த் தண்ணீரில் கரைந்து வரும் சிலிக்கேட்டைத் தின்றுதான் வளர்கிறது. என் கவலை அதன் கூர்முனை. மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே சலிக்கும் கோபி மீன் வளர்ப்பவர்கள், உடைத்த தூளைத் தவிர்த்து உருண்டையான மணலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கடற்கரையில் அள்ளி வருவதை மட்டும் யாரும் யோசிக்க வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்க மணலில் இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்திருக்கும். ஒன்றில் இரும்பு, மற்றொன்றில் தோரியம். வாங்கிய எந்த மணலிலும் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

அடுத்து, மணல்மணியின் அளவு. ‘ஃபைன்’, ‘மீடியம்’, ‘கோர்ஸ்’ என்பதற்கு யாரும் சொல் தரவில்லை. நம் சமையலறையிலேயே இருக்கிறதே: மாவு, ரவை, குருணை. அரை மில்லிமீட்டருக்குக் கீழே மாவு. அலைப் பம்ப் ஓடினால் பறந்துபோய்ப் பவளத்தின் மேல் உட்காரும். ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் ரவை, எனக்குப் பிடித்தது இதுதான். அதற்கு மேல் குருணை, இடுக்கில் கழிவு தங்கும். குருணை மருந்து என்று உழவர்கள் ஏற்கெனவே புழங்கும் சொல் என்பதால் விளக்கமே தேவைப்படாது.

‘ஊலிட்டிக் சாண்ட்’ என்று பஹாமாஸிலிருந்து வருவதற்கு ‘சினைமணல்’ என்ற பரிந்துரை வந்ததும் துள்ளிவிட்டேன். ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் ஒவ்வொரு மணியும் உருண்டு உருண்டு சுண்ணப் பூச்சு ஏறி, மீன்சினைபோலத் திரள்வதுதான் அந்த மணல். கிரேக்கத்தில் முட்டைக்கல் என்று பொருள், ஜெர்மானியர் மீன்சினைக்கல் என்றார்கள். இதைவிட நல்ல சொல் கிடைக்காது. அப்படியே ஏற்றுவிடுவோம்.

இனி செலவு. 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலத் தொட்டியில் 5 செ.மீ. உயரம் பரப்ப ஏறக்குறைய 20 லிட்டர் மணல் வேண்டும். லிட்டருக்கு ஒன்றரை கிலோ என்று வைத்தால் 30 கிலோ. இதை இறக்குமதிப் பையில் வாங்க எல்லோராலும் முடியாது. நான் இப்போது போட்டிருப்பது கோழித் தீவனத்துக்கு விற்கும் கிளிஞ்சல் நொறுக்கு. மட்டி ஓடு பெரும்பாலும் அரகோனைட், ஆளி ஓடு பெரும்பாலும் கால்சைட், இரண்டும் கலந்திருக்கும். இரண்டு சல்லடையில் சலித்து மாவையும் பெரிய துண்டுகளையும் ஒதுக்கினேன். ஓட்டில் ஒட்டிய சதை அழுகினால் பாஸ்பேட் ஏறும் என்பதால் இரண்டு வாரம் ஊறவைத்துத் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தேன். முதுகு ஒடிந்த வேலைதான். ஆனால் அந்தப் படுகையில் இன்று நத்தைகள் புதைந்து எழுந்து திரிகின்றன.

கடைசியாக ‘லைவ் சாண்ட்’. ‘உயிர்மணல்’ என்று பலரும் எழுதியிருந்தீர்கள். அதுவும் பையில் ஈரமாக அடைத்து அதிக விலைக்கு விற்கும் பொருளையே குறிக்கும். உலர்ந்த மணலும் சில வாரங்களில் பாக்டீரியா குடியேறி உயிர்மணலாகும். அதனால் ‘உயிரேறிய மணல்’ என்றால் அது ஒரு நிலை என்பது விளங்கும். அதற்கு வேண்டியது நண்பர் ஒருவரின் பழைய தொட்டியிலிருந்து ஒரு கோப்பை மணல். பாலுக்கு உறைமோர் ஊற்றுவதுபோலத்தான். அந்த ஒரு கோப்பைக்கு ‘உறைமணல்’ என்று வைத்தேன். ஆனால் உறைபனியோடு குழம்புமோ என்று தயக்கமாக இருக்கிறது. சில ஊர்களில் ‘பிரைமோர்’ என்பார்களே, அப்படியானால் ‘பிரைமணல்’ சரியாக வருமா? வீட்டில் பிரை என்ற சொல்லைப் புழங்குகிறவர்கள் யாராவது எழுதுங்கள்.

அன்புடன்