மறு: ‘கஸ்டம் கம்பைலர் ஆப்ஷன்’ தமிழில்?

>> பைத்தானுக்கு சி மொழியில் நீட்சிக்கூறு (எக்ஸ்டென்ஷன் மாட்யூல்) எழுதுவது பற்றிய கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். அதைக் கட்டும் முறையைச் சொல்லும் செட்டப்.பை கோப்பில் கம்பைலருக்கு (மூல நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கருவி) நாமாகச் சேர்த்துத் தரும் ஆப்ஷன்களை என்னவென்று சொல்லலாம்? இப்போதைக்கு ‘தனிப்பயன் தொகுப்பி விருப்பங்கள்’ என்று போட்டிருக்கிறேன்.

> ‘விருப்பங்கள்’ வேண்டாம், ‘கொடிகள்’ என்று வைக்கலாமே. சிஃப்ளாக்ஸ் என்பதிலேயே ஃப்ளாக் இருக்கிறது.

வணக்கம்.

சிஃப்ளாக்ஸ் ஒரு சூழல்மாறியின் பெயர், சி கம்பைலருக்கான ஆப்ஷன்களை செட்டப்.பைக்கு வெளியிலிருந்து தருவதற்கானது. அதை அப்படியே விட்டுவிடலாம். -ஓ2, -ஓ3 எல்லாம் கம்பைலர் நிரலை எந்த அளவுக்கு மேம்படுத்தவேண்டும் என்று சொல்பவை, ‘கொடி’ அதற்குப் பொருந்தவில்லை. ‘விருப்பம்’ வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம். வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓடவைக்கும் ஓப்பன்எம்பியை நம்பி எழுதிய நிரலுக்கு அந்த ஆப்ஷன் கட்டாயம் வேண்டும், அதைப் போய் விருப்பம் என்பதா? ‘தேர்வு’ என்றால் தமிழ்நாட்டில் பரீட்சைதான் முதலில் நினைவுக்கு வரும். இலங்கையில் புழங்கும் ‘தெரிவு’ நல்ல சொல். எடுத்துக்கொள்வோம்.

எனக்கு உறுத்துவது ‘தனிப்பயன்’தான். படிப்பவர், தான் எழுதிய பட்டியல் மட்டுமே கம்பைலருக்குப் போகிறது என்று நினைத்துவிடுவார். நடப்பது வேறு. லினக்ஸில் செட்டப்டூல்ஸ் (நீட்சிக்கூறைக் கட்டித்தரும் பைத்தான் கருவி) முதலில் பைத்தானையே கட்டியபோது பயன்படுத்திய தெரிவுகளை எடுக்கிறது, அவற்றுக்குப் பின்னால் சிஃப்ளாக்ஸில் இருப்பதை ஒட்டுகிறது, செட்டப்.பையில் நாம் தரும் எக்ஸ்ட்ரா கம்பைல் ஆர்க்ஸ் பட்டியல் கடைசியில்தான் வருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட -ஓ வந்தால் ஜிசிசி கம்பைலர் கடைசியாக வந்ததையே எடுத்துக்கொள்ளும். அதனால் செட்டப்.பை கோப்பில் -ஓ3 இருக்கும்போது, பிழைதிருத்த வசதியாக ஒருவர் சிஃப்ளாக்ஸில் -ஓ0 (மேம்படுத்தவே வேண்டாம் என்பது) கொடுத்தால் அது வீண். ஏன் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பார். இருப்பதோடு சேருகிறது என்பதைச் சொல்ல ‘கூடுதல்’ போதும், ஆங்கிலப் பெயரிலும் எக்ஸ்ட்ரா என்றுதானே இருக்கிறது.

அப்புறம், பட்டியல் இரண்டு: கம்பைலருக்கு ஒன்று, அது ஆக்கிய துண்டுகளைச் சேர்க்கும் லிங்கருக்கு ஒன்று. ஓப்பன்எம்பி தெரிவை ஜிசிசியில் இரண்டிலும் தரவேண்டும். கம்பைலர் பட்டியலில் மட்டும் கொடுத்தால் லினக்ஸில் பெரும்பாலும் கட்டும்போது ஒரு முணுமுணுப்பும் இருக்காது, இம்போர்ட் செய்யும்போதுதான் குறியீட்டைக் காணோம் என்று விழும். ஆகவே எது யாருக்கு என்பது பெயரிலேயே தெரியவேண்டும். ‘தொகுப்பு’, ‘இணைப்பு’ இரண்டுக்கும் ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை, மின்னஞ்சலில் அனுப்பும் கோப்பும் இணைப்புதான். கருவியின் பெயரையே வைத்தால் குழப்பம் குறையும்:

கூடுதல் தொகுப்பித் தெரிவுகள்
கூடுதல் இணைப்பித் தெரிவுகள்

நீளம்தான். தலைப்பில் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு, பத்திகளுக்குள் ‘தெரிவுகள்’ என்று மட்டும் எழுதினால் படிக்க உறுத்தாது. ‘நீட்சிக்கூறு’ சரி. ‘மேக்ரோ’வை மேக்ரோவாகவே விடுங்கள், தயவுசெய்து.

எடுத்துக்காட்டு நிரலைப் பற்றியும் ஒன்று. அதில் -மார்ச்=நேட்டிவ் இருந்தால் (மாதமில்லை, எந்திரத்தின் கட்டமைப்பு; கட்டும் கணினியின் செயலிக்கே ஏற்றபடி ஆக்கச் சொல்வது) பக்கத்திலேயே ஒரு எச்சரிக்கை போடுங்கள். அப்படிக் கட்டிய வீலை (நிறுவத் தயாரான பைத்தான் பொதி) பழைய செயலி உள்ள கணினியில் நிறுவினால், தெரியாத கட்டளை என்று நிரல் அப்படியே நின்றுவிடலாம். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் தெரிவுகளும் வேறு, அங்கே சாய்கோட்டில் தொடங்கி /ஓ2 என்று எழுதுவதுதான் வழக்கம். அதற்குத் தனி எடுத்துக்காட்டு வேண்டும்.

‘தெரிவு’க்கு மறுப்பு இருப்பவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள்.