‘படிக்கவே பிடிக்கல’ என்கிற பிள்ளைக்கு எந்தப் புத்தகம்? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அனுபவங்கள்

கேள்வி

எட்டாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிற வயது. பாடப்புத்தகம் தவிர எதையும் தொடுவதில்லை. பரிசாக வந்த புத்தகங்கள் பீரோ மேல் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடக்கின்றன. இந்த வயதுப் பிள்ளைகளோடு தினமும் புழங்குகிறவர்கள், எதைக் கொடுத்தால் எடுக்கிறார்கள், எதைக் கண்டால் ஓடுகிறார்கள் என்று கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். ‘மொபைலைப் பிடுங்கி வையுங்கள்’ என்ற பதில் மட்டும் வேண்டாம்.

நூலகப் பணியாளர், பாலக்கோடு பக்கம்

புத்தகம் தேடுவதற்கு முன் பிள்ளை எந்த ரகம் என்று பாருங்கள். ‘பிடிக்கல’ என்று சொல்கிற பலருக்கு உண்மையில் வாசிப்பு வேகம்தான் குறைவு. வெளியே சொல்ல வெட்கம், அதனால் ‘போர்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

சோதிப்பது சுலபம். ஏதாவது ஒரு சிறுகதைத் தொகுப்பில் நடுப்பக்கம் ஒன்றைக் கொடுத்து மனதுக்குள் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் கடிகாரத்தைப் பாருங்கள். டெமி அளவு (வழக்கமான கதைப் புத்தக அளவு) பக்கத்தில் ஏறக்குறைய 200 முதல் 250 சொற்கள் இருக்கும். ஒன்றரை நிமிஷத்தில் முடித்து, என்ன நடந்தது என்று ஒரு வரி சொல்லிவிட்டால் வாசிக்கத் தெரிந்த பிள்ளை. அதற்கு அலுப்புதான் சிக்கல், புத்தகத்தை மாற்றினால் போதும். மூன்று நிமிஷத்தைத் தாண்டுகிறது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 பக்கப் புத்தகம் அந்தப் பிள்ளைக்குப் பத்து மணி நேர வேலை. யார் உட்காருவார்கள்?

அப்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரியைத் தேடித் தடுமாறினாலோ, படித்த வரியையே திரும்பப் படித்தாலோ, முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். கண்ணில் குறை இல்லை, ஆனால் எழுத்துகளைத் தொடர்ந்து இடம் மாற்றிப் படிக்கிறது என்றால் கற்றல் குறைபாடு தெரிந்த நிபுணரிடம் காட்ட வேண்டும். அங்கே கதைப் புத்தகம் மருந்தாகாது.

வேகம் குறைந்த பிள்ளைக்கு 16 முதல் 48 பக்கம், நடுவில் பின் அடித்த மெலிந்த புத்தகம்தான் சரி. எழுத்து 12 பாயிண்ட்டுக்குக் குறையக் கூடாது, வரிகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளாக வந்தன. அளவெல்லாம் சரியாக இருக்கிறது. தப்பு நடப்பது கொடுக்கும் விதத்தில். ஒன்பதாவது படிக்கிற பையனிடம் நண்பர்கள் முன்னால் ‘நுழை’யை நீட்டினால் அன்றோடு சரி, அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டான். வீட்டில் தம்பி, தங்கை, அக்கா குழந்தை யாராவது இருந்தால் ‘இதை அவனுக்கு வாசித்துக் காட்டு’ என்று நான்கு படியையும் கலந்து கையில் கொடுங்கள். சின்னவனுக்காகப் படிப்பதில் அவமானம் இல்லை. சத்தமாகப் படித்துப் படித்து வேகமும் ஏறும்.

பெரிய பிள்ளைக்கு ஏற்ற கனமும் வேண்டும், பக்கமும் குறைவாக வேண்டும் என்றால் இரா. நடராசனின் ‘ஆயிஷா’. கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு மாணவியின் கதை, ஒரே மூச்சில் முடியும் குறுநூல். முடிவு கனமானது. மனசு இளகின பிள்ளை என்றால் படித்து முடிக்கிற நேரம் பக்கத்தில் இருங்கள்.

பழைய, புதிய புத்தகக் கடை, தருமபுரி

கடையில பசங்க புத்தகத்த எடுக்கறத ஓரமா நின்னு பாத்தா எல்லாம் வெளங்கிரும். அட்டையப் பாக்கறதுக்கு முன்னாடி கட்ட விரலால ஓரத்த ஒரு தடவு, எவ்வளவு தடின்னு. அப்புறம் கடைசிப் பக்கத்து நம்பர். அப்புறம் சரசரன்னு பொரட்டி எங்கயாச்சும் படம் இருக்குதா, பேச்சு வர்ற வரி நெறைய இருக்குதான்னு ஒரு பார்வ. பக்கம் முழுக்க ஒரே பத்தியா கருப்பா இருந்தா அப்பவே திரும்ப அலமாரிக்குப் போயிரும். அந்தப் பையன் செய்யறது சரியான தேர்வு முறைங்க. அப்பா அம்மா வாங்கறப்ப இதையே செஞ்சா போதும்.

ஆனா அவங்க வாங்கறது ‘வெற்றி பெறுவது எப்படி’. இல்லேன்னா ‘அக்னிச் சிறகுகள்’. நல்ல புத்தகம்தான், ராமேஸ்வரத்தப் பத்தி வர்ற பகுதி பசங்களுக்குப் புடிக்கும். நடுவுல ராக்கெட், திட்டம், துறைன்னு வர்ற எடத்துல நின்னு போயிரும். ‘அந்தப் பக்கத்தத் தாண்டிப் போ’ன்னு சொல்லிக் குடுங்க, தாண்டறது குத்தம் இல்ல. பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவுல திருக்குறள் குடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்த: ஒவ்வொரு வீட்லயும் ஏற்கனவே ரெண்டு இருக்குதுங்க.

அடுத்தது ‘பொன்னியின் செல்வன்’. 2022லயும் 2023லயும் படம் வந்தப்ப அஞ்சு பாகத்தயும் ஒரே கட்டா வாங்கிட்டுப் போனாங்க. அந்தக் கட்டப் பாத்தாலே பயம். முதல் பாகம் மட்டும் வாங்குங்க, மத்த நாலும் கண்ணுல படவே கூடாது. பத்திரிகைல தொடரா வந்த கத, அத்தியாயம் சின்னச் சின்னதா இருக்கும், முடியற எடத்துல கொக்கி போட்டிருப்பாரு கல்கி. ஒரு ராத்திரிக்கு ரெண்டு அத்தியாயம் போதும். அதுவே நீளம்னா ‘பார்த்திபன் கனவு’ல ஆரம்பிங்க, கம்மிப் பக்கம்.

படக்கத படிச்சா படிச்ச மாதிரி இல்லன்னு நெனைக்கறவங்களுக்கு: சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972லிருந்து வருது, முதல் இதழே இரும்புக்கை மாயாவி. லயன் காமிக்ஸ் 1984ல. பலூனுக்குள்ள இருக்கறது எல்லாம் பேச்சுத்தான், ஒரு பலூன்ல நாலஞ்சு வரிக்கு மேல போகாது. படம் அர்த்தத்தச் சொல்லிருது, தெரியாத வார்த்த வந்தாலும் நிக்காது. ஒரே நாயகன் வர்ற புத்தகமா தேடி அடுத்தடுத்து மூணு குடுங்க. ஒண்ணே ஒண்ணு குடுத்து நிறுத்துனா பழக்கம் ஒட்டாது.

தமிழாசிரியை, தளி ஒன்றியம்

எங்கள் பக்கத்தில் வீட்டில் பேசுவது தெலுங்கு அல்லது கன்னடம், சில தெருக்களில் உருது. தமிழ் பள்ளிக்கூடத்து மொழி. இந்தப் பிள்ளைகளிடம் ‘தமிழில் நல்ல இலக்கியம்’ என்று கரிசல் வழக்கிலோ நெல்லை வழக்கிலோ எழுதிய கதையைக் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே கால் சறுக்கிவிடும். கி. ராஜநாராயணன் பெரிய கதைசொல்லிதான். ஆனால் அந்தப் பேச்சைக் காதால் கேட்டே இராத பிள்ளைக்கு அது மூன்றாவது மொழி. அவரைச் சத்தமாக வாசித்துக் காட்டலாம், தனியாகப் படிக்கக் கொடுக்க வேண்டாம்.

இவர்களுக்கு மொழிபெயர்ப்பு நூல்கள் எளிதாக இருக்கின்றன. காரணம் சாதாரணமானது: மொழிபெயர்ப்பில் பொதுத் தமிழே வரும், வட்டாரச் சொல் குறைவு. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ நன்றாகப் போகிறது. ரயில் பெட்டியில் வகுப்பு நடக்கிற ஜப்பானியப் பள்ளி. பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி. இரண்டு மூன்று பக்க அத்தியாயங்கள், எங்கே திறந்தாலும் படிக்கலாம். சேட்டை பண்ணி வெளியே நிறுத்தப்படுகிற பையன்களுக்கு முதல் சில அத்தியாயங்களே போதும்.

எடுக்க வைக்கிற வழி இது. முதல் அத்தியாயத்தைப் பெரியவர் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஏதாவது நடக்கப் போகிற இடத்தில், வாக்கியத்தின் நடுவில்கூட, நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மேசை மேல் குப்புற வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும். ‘மீதியை நீ படி’ என்று சொல்லவே கூடாது. சொன்னால் அது வீட்டுப்பாடம். மறுநாளும் புத்தகம் அதே இடத்தில் அதே மாதிரி கிடந்தால் இன்னொரு அத்தியாயம் வாசியுங்கள். அதற்குப் பிறகும் தொடவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை விட்டுவிட்டு வேறு எடுங்கள், கேள்வி கேட்காமல்.

கெடுப்பது எது என்றால், படித்து முடித்ததும் ‘கதைச் சுருக்கம் எழுது’, ‘நீதி என்ன’ என்று கேட்பது. பக்கத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று காசு கொடுப்பதும் அப்படித்தான். காசு நின்றதும் வாசிப்பு நிற்கும், நடுவில் பக்கத்தைத் தள்ளிவிட்டுக் கணக்குக் காட்டுகிற பழக்கமும் வரும். கேட்டே ஆக வேண்டும் என்றால் ‘அவன் செஞ்சது சரியா?’ என்று வாதத்துக்கு இழுங்கள்.

நூலகப் பணியாளர், பாலக்கோடு பக்கம்

பழைய புத்தகம் பற்றிச் சேர்க்க மறந்தது ஒன்று. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகங்கள் கிளை நூலகங்களிலும் பழைய கடைகளிலும் இன்னும் கிடைக்கின்றன. ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகிய ஏழும் அதில் வேறு வடிவத்தில் இருக்கும். லை, னை எல்லாம் முன்னால் தும்பிக்கை தூக்கினாற்போல. தாத்தாவுக்குப் பழகிய எழுத்து, பேரனுக்குப் புதிர். ‘தமிழ்வாணன், வாண்டுமாமா எல்லாம் கொடுத்தேன், தொடவே இல்லை’ என்கிறவர்கள் எந்த ஆண்டுப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். அந்த ஏழு எழுத்தையும் ஒரு அட்டையில் எழுதிப் புத்தகக் குறியாக உள்ளே செருகிவிட்டால் பத்து நிமிஷத்தில் பழகிவிடும். துப்பறிகிற ஆசை உள்ள பிள்ளை என்றால் அதுவே ஒரு விளையாட்டு.

நூலகத்தில் பைண்டிங் செய்த புத்தகத்தையும் திறந்து பார்த்து எடுங்கள். உள் ஓரத்தை விழுங்கித் தைத்திருந்தால் பாதி வரி மடிப்புக்குள் போய்விடும், இரண்டு கையாலும் பிடித்து அழுத்திக்கொண்டே படிக்க வேண்டும். படுத்துக்கொண்டு படிக்கிற வயசுக்கு அது ஆகாது.

பெற்றோர், ஓசூர்

ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகள் தமிழ் சரளமாகப் பேசுவார்கள், பேருந்துப் பெயர்ப் பலகையைத் தாண்டித் தமிழ் படிக்க மாட்டார்கள். இவர்களுக்கு ஒலிப் புத்தகத்தையும் அச்சுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் இருக்கிறது. சத்தத்தை ஓட விட்டு, கண்ணால் வரியைத் தொடரச் சொல்ல வேண்டும். வேகத்தை 0.75க்குக் குறைத்துக்கொள்ளலாம். அச்சும் ஒலியும் சொல்லுக்குச் சொல் ஒன்றா என்று முதல் இரண்டு பக்கத்தைச் சரிபாருங்கள்; சுருக்கி வாசித்த ஒலிப்பதிவு என்றால் பிள்ளை இடம் தெரியாமல் தொலைந்துபோய் எரிச்சலாகும்.

ஆங்கிலத்திலேயே படிக்கட்டும் என்கிறவர்களுக்கு நம் ஊர்க்காட்டுப் புத்தகம் இருக்கிறது. கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட ‘நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்’. அதில் ஜவளகிரி ஆட்கொல்லிப் புலி ஒரு தனிக் கதை. தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி ரோடு தெரிந்த பிள்ளைக்கு ‘இது நம்ம ஜவளகிரியா?’ என்று கண் விரியும். அவருடைய கதைகள் காட்டு வருணனையோடு மெதுவாகத் தொடங்கும். புலி ஆளைத் தூக்குகிற இடத்திலிருந்து நீங்கள் வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு முதலிலிருந்து படிக்க விடுங்கள். வேட்டை சட்டப்படி நடந்த காலத்து எழுத்து என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கதையே வேண்டாம், பைக்தான் உயிர் என்கிற பையனுக்கு மோட்டார் விகடன் பழைய இதழ்கள். பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைக்கும். இரண்டு வண்டிகளை ஒப்பிடுகிற கட்டுரையைப் படித்துவிட்டு எது மைலேஜ், எது டார்க் (இழுவைத் திறன்) என்று வாதாடுகிறவனும் வாசகன்தான்.

தமிழாசிரியை, தளி ஒன்றியம்

ராஜேஷ்குமார், சுஜாதா பற்றி யாரும் சொல்லவில்லையே என்று பார்க்கிறேன். சுஜாதாவின் கணேஷ், வசந்த் வருகிற கதைகளில் வாக்கியம் சின்னது, பேச்சு வேகம். வசந்தின் பேச்சில் இரட்டை அர்த்தம் நிறைய வரும் என்பதால் பதினைந்து வயதுக்கு மேல் கொடுக்கலாம். ‘என் இனிய இயந்திரா’ விஞ்ஞானக் கதை, அதை முதலில் வைக்கலாம். ராஜேஷ்குமாரின் மாத நாவல்களில் முதல் பக்கத்திலேயே பிணம் விழுந்துவிடுகிறது, அதில்தான் எனக்குத் தயக்கம்.

பழைய, புதிய புத்தகக் கடை, தருமபுரி

டீச்சர், பிணம் விழறதாலதான் ரெண்டாவது பக்கம் திரும்புது. அதே பசங்க வெப் சீரிஸ்ல பாக்கறதோட ஒப்பிட்டா ராஜேஷ்குமார் கதைல வர்ற விவேக்கும் ரூபலாவும் ரொம்ப சாது. ஆனா போன்ல இருக்கற கதைச் செயலிகள பாத்துத்தான் குடுக்கணும். யார் வேணா எழுதலாம், வயசுக்கு வடிகட்டறது சரியா இருக்காது.

புத்தகத் திருவிழா வந்தா ஒரு வேல செய்யுங்க. பையன் கையில எரநூறு ரூவா குடுத்துட்டு நீங்க வெளிய டீக்கடைல ஒக்காருங்க. வழக்கமா பத்து சதவீதம் கழிவு இருக்கும். பேய்க்கத வாங்குவான், ஜோசியம் வாங்குவான், ஒண்ணுமே வாங்காம மிளகாய் பஜ்ஜி தின்னுட்டு வருவான். திட்டாதீங்க, அடுத்த வருஷம் வருவான்.

கேள்வி

பத்தாவது போகிற பிள்ளைக்கு இப்போது ஆரம்பிக்கலாமா?

நூலகப் பணியாளர், பாலக்கோடு பக்கம்

எட்டாவது, ஒன்பதாவதுதான் தோது. பத்தாவதில் அரையாண்டு தாண்டிவிட்டால் புது நாவல் எதையும் திணிக்க வேண்டாம், படக்கதையும் ஒற்றைச் சிறுகதையும் போதும். பொதுத் தேர்வு முடிந்த வாரமே நூலக உறுப்பினர் அட்டையைப் பிள்ளை பெயரில் வாங்கிவிடுங்கள். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளி, ஞாயிறு திறந்திருக்கும். தாமதித்தால் பதினொன்றாவது சேர்க்கை அலைச்சல் தொடங்கிவிடும், பிறகு ஒரு வருஷம் யாருக்கும் நேரம் இருக்காது.