'டிரிங்கோமலி' ஃபிரிகேட்: முப்பது ஆண்டுகள் பணியின்றி நின்றது ஏன்?

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். திருகோணமலைத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கி, பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பம்பாயில் கட்டப்பட்ட 'டிரிங்கோமலி' என்னும் பாய்மரப் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. 1817-இல் நீரில் இறக்கப்பட்ட இந்த ஃபிரிகேட் (வேகமாகச் செல்லும் நடுத்தரப் போர்க்கப்பல்), 1847 வரை பணிக்கே செல்லவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அத்தனை காலம் அதைச் சும்மா நிறுத்தி வைத்தது ஏன்? மரக்கப்பல் உளுத்துப்போகாமல் எப்படித் தாங்கியது?

பதில் 1:
போருக்காகக் கேட்டு, போர் முடிந்தபின் கைக்கு வந்த கப்பல் அது. 1812 அக்டோபரில் அதற்கு ஆணை பிறந்தபோது நெப்போலியனுடனான போர் உச்சத்தில் இருந்தது. ஆனால் வரைபடங்களைப் பம்பாய்க்கு ஏற்றிச்சென்ற 'ஜாவா' என்ற பிரிட்டிஷ் கப்பலை, அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' போர்க்கப்பல் வீழ்த்திவிட்டதால், அவற்றை மீண்டும் அனுப்ப வேண்டியதாயிற்று. 1816 ஏப்ரலில் ஏரா மரம் (கப்பலின் அடித்தண்டு) வைக்கப்பட்டபோது, நெப்போலியன் இறுதியாகத் தோற்ற வாட்டர்லூ போர் முடிந்து பத்து மாதங்கள் ஆகியிருந்தன. 1819-இல் போர்ட்ஸ்மத் வந்து சேர்ந்ததும், பாய்மரங்களைக் கழற்றி, மேல்தளத்தின்மேல் கூரை வேய்ந்து நிறுத்திவிட்டார்கள்.

பதில் 2:
அந்தக் கூரை முக்கியமானது. மரக்கப்பலை உப்புநீரைவிட, இடுக்குகளில் தேங்கும் மழைநீரே விரைவில் அழுகச் செய்யும். அதைவிட முக்கியமானது, இக்கப்பல் கட்டப்பட்ட தேக்கு மரம். ஓக் மரத்திலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய்ப்பசையோ அவற்றைக் காக்கும். ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் பம்பாய்த் தச்சர்கள் அந்தத் தேக்கில் செய்த வேலையைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 1847-க்குப் பிறகு போரில் ஈடுபட்டதா?

பதில் 3:
பெருங்கடற்போர் எதிலும் அது கலந்துகொள்ளவில்லை. 38 பீரங்கிகளுக்கு வடிவமைக்கப்பட்ட கப்பலை 26 பீரங்கிகள் கொண்ட கார்வெட்டாக (ஃபிரிகேட்டைவிடச் சிறிய வகைப் போர்க்கப்பல்) மாற்றி, முதலில் வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் பகுதிக்கு அனுப்பினார்கள். அடிமை வணிகக் கப்பல்களைத் தடுக்கும் ரோந்தும் அதன் பணிகளுள் ஒன்று. 1852 முதல் 1857 வரை, கிரிமியப் போர் நடந்த ஆண்டுகள் உட்பட, பசிபிக்கில் இருந்தது. பின்னர் பயிற்சிக் கப்பலாகி, 1897-இல் உடைப்பதற்கே விற்கப்பட்டது. ஜார்ஜ் வீட்லி காப் என்பவர் அதை வாங்கி, 'ஃபூட்ரோயான்' எனப் பெயர் மாற்றி, இளைஞர்களின் பயிற்சிக்கு அளித்திராவிட்டால் அதன் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1813-இல் அமெரிக்காவின் 'செசபீக்' கப்பலைக் கால்மணி நேரத்திற்குள் வென்று புகழ்பெற்ற பிரிட்டிஷ் கப்பலான 'ஷானன்', 'டிரிங்கோமலி'யைப் போலவே லீடா வகுப்பு என்னும் ஒரே வடிவமைப்பைச் சேர்ந்ததுதான். அதை 1859-இல் உடைத்துவிட்டார்கள்.

பதில் 2 எழுதியவர்:
ஒரு சிறு தெளிவு: 'விக்டரி' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இதைவிடப் பழையது; ஆனால் அது உலர்துறையில் (நீர் வெளியேற்றப்பட்ட கப்பல்துறை) நிற்கிறது. நீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மூத்தது 'டிரிங்கோமலி'யே.